ஓனர் மாறினால் பகிர்வு போய்விடுமா?

கேள்வி: சேல்ஸ்ஃபோர்ஸில் (வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் மென்பொருள்) சில அக்கவுண்ட் பதிவுகளை, அதாவது வாடிக்கையாளர் நிறுவனங்களின் பதிவுகளை, 'ஷேரிங்' பட்டன் வழியாக சர்வீஸ் பிரிவுக்குக் காட்டியிருந்தோம். விற்பனையாளர் ஒருவர் வேலையை விட்டதும் அவற்றை இன்னொருவர் பெயருக்கு மாற்றினோம். இப்போது சர்வீஸ்காரர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. ஏன்?

பதில்: ஓனர் மாறியதுதான் காரணம். கையால் கொடுத்த பகிர்வு ஓனர் மாறியதுமே அழிந்துவிடும். மறுபடி ஒவ்வொன்றாகப் பகிர்வது வீண் வேலை. சர்வீஸ் ஆட்களை ஒரு 'பப்ளிக் குரூப்'பில் சேருங்கள். செட்டப்பில் 'ஷேரிங் செட்டிங்ஸ்' போய், அக்கவுண்டுக்குப் புது விதி எழுதி, அந்த குரூப்புக்கு 'ரீட் ஒன்லி' கொடுங்கள். விதியை ஓனரை வைத்து எழுதாதீர்கள். புது ஓனர் வேறு ரோலில் (நிறுவனப் படிநிலையில் அவருக்குக் கொடுத்த இடம்) இருந்தால் பழைய கதைதான். பகுதி, வகை போன்ற ஃபீல்டை வைத்து எழுதுங்கள்.

அப்படியும் ஒருவருக்குத் தெரியவில்லையா? அவருக்கு என்னென்ன அனுமதி என்று சொல்லும் ப்ரொஃபைலிலோ, கூடுதல் அனுமதி தரும் பெர்மிஷன் செட்டிலோ அக்கவுண்டுக்கு 'ரீட்' டிக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் எந்தப் பகிர்வும் செல்லாது. அவசரத்தில் 'வியூ ஆல்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; அக்கவுண்ட் அத்தனையும் திறந்துவிடும்.

வேலையை விட்டவரின் யூசர் கணக்கை 'ஃப்ரீஸ்' செய்தால் லாகின்தான் நிற்கும். லைசென்ஸ் திரும்ப வேண்டுமானால் 'டீஆக்டிவேட்' செய்யுங்கள்.