கம்பம் பள்ளத்தாக்கில் புரட்டாசிக் கவாத்து செய்யலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். ஊரில், கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டியில், ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. மைத்துனர்தான் பார்த்துக்கொள்கிறார். போன வருஷம் செப்டம்பர் நடுவில் கவாத்து செய்தோம், அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டோம். அக்டோபர் கடைசியில் பூங்கொத்து எல்லாம் பழுப்பாகிக் கொட்டிவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்ததை எல்லாம் அடித்தும் பயனில்லை, பில்லையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போது கைபேசியில் பார்த்தால் தேனிக்குப் பத்து நாளும் மழைக்குறிதான் காட்டுகிறது. இந்த வருஷம் செப்டம்பர், அக்டோபரில் மலையடிவாரத்தில் மழை எப்படி இருக்கும்? கவாத்தைத் தள்ளிப்போடவா? தீபாவளி லீவில் ஊருக்குப் போகிறேன். அப்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, மழை வரும். புரட்டாசியில் அங்கே பகலெல்லாம் சுள்ளென்று காய்ந்து, சாயங்காலம் மேகமலைப் பக்கம் கருத்து, இடியோடு கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போகும். பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று புரட்டாசியைப் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அப்புறம் அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். அது கூடுமா குறையுமா என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ சொல்லும். ஆனால் தமிழ்நாடு, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிச் சொல்லும் கணிப்பு அது. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) என்றால் நமக்கு நல்ல மழை, லா நினா (அது குளிர்வது) என்றால் வறட்சி என்று ஒரு கணக்கை ஊரில் சொல்வார்கள். 2015இல் எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016இல் லா நினா, தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை பாதிகூட வரவில்லை. சரி, கணக்கு பொருந்துகிறது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2021 வந்தது. லா நினா இருந்தும் கொட்டித் தீர்த்தது. இதை நம்பிக் கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள்.

கைபேசி மழைக்குறி இன்னும் மோசம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவிலேயே ஜூரோங்கில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிக்கிறது. அங்கே மேற்கில் குமுளி மலை, கிழக்கில் மேகமலை, நடுவில் பள்ளத்தாக்கு. உச்சியில் பெய்வதையும் அடிவாரத்தில் பெய்வதையும் ஒரே கட்டத்தில் போட்டுக் காட்டும் படம் அது. கூடலூரில் பெய்த மழை உத்தமபாளையத்துக்கு எட்டாத நாள் எத்தனையோ உண்டு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: காலையில் இலை எத்தனை மணிக்குக் காய்கிறது?

ஆனி, ஆடியில் அந்தப் பள்ளத்தாக்கில் மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தூறல் விழுந்தாலும் இலை உடனே உலர்ந்துவிடும். ஆவணி போய்ப் புரட்டாசி வரும்போது காற்று அடங்குகிறது. சாயங்கால மழை, அதற்குப் பிறகு அசையாத இரவு, விடியலில் பனி. பந்தலுக்கு அடியில் ஈரம் அப்படியே நிற்கும். உங்கள் பூவைக் கொட்டவைத்தது அநேகமாக அடிச்சாம்பல் என்னும் பூசண நோய். அந்தப் பூசணத்துக்கு வெள்ளம் வேண்டாம். இரவு முழுக்க ஈரக்காற்றும், இலையில் சில மணி நேரம் நிற்கும் தண்ணீரும் போதும். அதனால்தான் மழைமானியில் பெரிதாக ஒன்றும் சேராத வாரத்தில்கூட நோய் வந்துவிடுகிறது. 'மழையே பெய்யலியே, எப்படி வந்துச்சு?' என்று மைத்துனர் திகைத்திருப்பார்.

இப்போது நாளை எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் வெட்டினால் அக்டோபர் முதல் வாரம் இளந்துளிர். ஏறக்குறைய 40ஆம் நாள் பூ, அதாவது அக்டோபர் கடைசி. நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் துளிர், பூ இரண்டு பருவத்தையும் நீங்களே கொண்டுபோய் ஈரத்தின் நடுவில் வைக்கிறீர்கள். ஜனவரியில் நல்ல விலைக்குப் பழம் கிடைக்கும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் தோட்டத்தில் தினமும் காலையில் ஆள் நின்றால்தான் அந்த விலை கைக்கு வரும். சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் நடத்துகிற தோட்டத்துக்குப் புரட்டாசிக் கவாத்து வேண்டாம் என்பதே என் கருத்து. டிசம்பர் கடைசி, ஜனவரியில் வெட்டுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அறுக்கலாம். அதுவரை கொடி சும்மா இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், இலை நல்லபடியாக இருந்தால் அது தண்டில் சத்துச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்த இலையைக் காப்பாற்றுவதுதான் இந்த மூன்று மாத வேலை.

அதற்கு எனக்குத் தெரிந்த முதல் மருந்து போர்டோ கலவை. 1885இல் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் இதே நோய்க்காக அறிவித்தது. இன்றைக்கும் இதை மிஞ்சிய மலிவான காப்பு இல்லை. ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அண்டாவில் கரைத்து, சுண்ணாம்புப் பாலை வடிகட்டி, அதில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும். இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு வைக்கக் கூடாது. துளிர் இளசாக இருந்தால் துத்தம், சுண்ணாம்பு இரண்டையும் பாதியாக்குங்கள். இலை ஈரமாக இருக்கும்போது அடித்தால் கருகும். பந்தலுக்கு மேலே தெளித்துவிட்டு வந்தால் கூலிதான் நட்டம், நோய் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கீழே நின்று மேல்நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: இது காப்பு மருந்து. வந்த நோயை விரட்டாது, மழைக்கு முன்னால் இலையில் இருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். துத்தத்திலும் சுண்ணாம்பிலும் அவருக்கு என்ன நிற்கும்? நீங்கள் அனுப்பிய பில்லில் நனையும் கந்தகம் இருக்கிறது. அது சாம்பல் நோய்க்கு. அடிச்சாம்பலுக்கு அதை அடித்தால் மண்ணில் கொட்டியது மாதிரிதான். பெயரில் சாம்பல் இருக்கிறது என்று இரண்டுக்கும் ஒரே டப்பாவை எடுத்துக் கொடுப்பவரை வைத்தியர் என்று நம்பியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் மெட்டலாக்சில் என்ற பூசணக்கொல்லி, ஒரே மாதத்தில் மூன்று தடவை. திரும்பத் திரும்ப அதையே அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். டானிக் வேறு இரண்டு பாட்டில். கொடி ஏற்கெனவே தழைத்துக் காற்றுப் புகாமல் கிடக்கிறது. அதற்கு மேலும் தழைக்கவைக்கக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு ஆளை வைத்து வேண்டாத கிளைகளைக் கிள்ளி, பந்தலுக்கு வெளிச்சம் விட்டிருந்தால் பாதி நோய் குறைந்திருக்கும்.

ஒரு சாதா மழைமானி வாங்கிப் பந்தலுக்கு வெளியே திறந்த இடத்தில் நடுங்கள். மைத்துனர் தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர், இலை எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று இரண்டே எண்களை எழுதட்டும். இரண்டு மூன்று வருஷம் எழுதினால், உங்கள் நிலத்துக்குப் புரட்டாசிக் கவாத்து சரிப்படுமா என்று என்னைக் கேட்க வேண்டியதில்லை.

என் பேச்சைக் கேட்காமல் இப்போதே வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், லீவைத் தீபாவளிக்கு வைக்காதீர்கள். கவாத்து முடிந்த பதினைந்தாம் நாள் ஊரில் இருங்கள், துளிருக்கு முதல் மருந்து உங்கள் கண்ணெதிரே விழட்டும். வர முடியாவிட்டால், மைத்துனர் அனுப்பும் படத்திலாவது இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அடிச்சாம்பல். மேல்பக்கத்தில் மாவு தூவியது போலிருந்து விரலால் துடைத்தால் வந்துவிட்டால் சாம்பல் நோய், அதற்குத்தான் கந்தகம். படம் வந்த பிறகு கடைக்குப் போகச் சொல்லுங்கள்.