செடியை எண்ணும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் மேற்குப் பார்த்த புது வீடு. கேட்டிலிருந்து வாசற்படி வரை 20 அடி நடைபாதை. இரண்டு பக்கமும் 2 அடி அகலப் பாத்தி. போன வருடம் வைத்த குட்டை இட்லிப்பூ மஞ்சளாகிப்போய் நிற்கிறது. தோட்டம் போடுபவர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 120 செடி வைக்கலாம் என்கிறார். என்ன வைக்கலாம்?

பதில்: 120 செடியா! இரண்டு பாத்தியும் சேர்ந்தே 80 சதுர அடிதானே அம்மா. அப்படி நெருக்கி நட்டால் நட்ட அன்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆறே மாதத்தில் காற்றோட்டமில்லாமல் அடி இலை கொட்டி, மாவுப்பூச்சி ஏறும். மறுபடி அவரையேதான் கூப்பிடுவீர்கள். குட்டை இட்லிப்பூவுக்கு ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். பக்கத்துக்கு 13 செடி, அவ்வளவுதான்.

அதற்கு முன் கடப்பாரையால் ஓரிடத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். புது வீடு என்கிறீர்களே, செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, காய்ந்த சிமென்ட் பாளம் எல்லாம் வரும். லாரி வாடகையை மிச்சம் பிடிக்க அங்கேயே கொட்டி, மேலே நாலு அங்குலம் செம்மண்ணைப் பரப்பிவிடுகிறார்கள். என் வீட்டுப் பாத்தியில் கல்லாய் இறுகிய அரை மூட்டை சிமென்ட் சாக்கோடு கிடைத்தது. பிளான் அப்ரூவலுக்கு எத்தனை கையெழுத்து! மண்ணை எட்டிப் பார்க்க ஒருவர் வரமாட்டார்.

உங்கள் இட்லிப்பூவின் வியாதியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலையைப் பாருங்கள். நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சளாக இருந்தால் இதுதான். அடி இலை மஞ்சளானால் கதை வேறு. அதற்குத் தொழு உரம் போதும். கொழுந்துதான் என்றால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் இலையில் தெளியுங்கள். டைல்ஸில் பட்டால் துருக்கறை பிடிக்கும், பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இடிபாட்டை எடுக்காமல் தெளித்துக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் தெளிக்க வேண்டியதுதான். ஒன்றரை அடிக்கு அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒன்று, மணல் ஒன்று என நிரப்புங்கள். போர் தண்ணீரும் உப்பு என்றால் இட்லிப்பூவை மறந்துவிட்டு நித்தியகல்யாணி வையுங்கள்.

அடுக்குவது சுலபம். பாதையோரம் டேபிள் ரோஸ். மேற்கு வெயிலையும் அது தாங்கும். பின்னால் இட்லிப்பூ. கேட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு நந்தியாவட்டை. காகிதப்பூ முள் புடவையை இழுக்கும், பாதையோரம் வேண்டாம். அரளியில் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் வந்துபோகும் வீட்டு வாசலில் எதற்கு?

“சீக்கிரம் வேலி மாதிரி அடைத்துவிடும்” என்று கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றை நர்சரிக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதை நடக் கூடாது என்று 2025-லேயே தமிழக அரசு தடை போட்டாயிற்று. போட்டால் ஆயிற்றா? நர்சரியில் போய்ப் பார்க்க ஆள் வேண்டாமா? பில்லில் செடியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாத்தி மண் பாதையைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்தே இருக்கட்டும். மேடாக்கிக் காட்டினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். முதல் மழையிலேயே செம்மண் முழுக்க உங்கள் வாசற்படியில்.