நர்ஸ் வேலைக்குப் புள்ளியியல் எதற்கு? மேற்படிப்பில் ஏன் இதைப் படிக்க வைக்கிறார்கள்?

ஊசி போடவும் டிரெஸ்ஸிங் செய்யவும் தெரிந்தால் போதாதா, தரவும் பி மதிப்பு போன்ற புள்ளியியல் கணக்குகளும் டாக்டர்கள் சமாச்சாரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நைட் டியூட்டி முடித்த கையோடு வகுப்பில் போய் உட்கார்ந்து, போர்டில் திட்டவிலக்கச் சூத்திரத்தைப் பார்த்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எரிச்சல் நியாயம்தான். ஆனால் நம் வேலையை நாமே இப்படிச் சுருக்கிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வயதானவர்கள் அதிகம் சேரும் மெடிக்கல் வார்டு ஒன்றில் இன்சார்ஜாக இருந்தேன். மாதாந்திரத் தரக் கூட்டத்தில், எந்த வார்டில் எத்தனை நோயாளிகள் கீழே விழுந்தார்கள் என்று திரையில் ஒரு படம் போட்டார்கள். எங்கள் பட்டைதான் எல்லாவற்றிலும் உயரம். போதாக்குறைக்குச் சிவப்பு நிறம் வேறு. "உங்க சிஸ்டர்ஸ் எல்லாம் என்னதான் பண்றாங்க?" என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். "இதை எதால வகுத்தீங்க சார்?" என்று நான் கேட்டேன். அவர்கள் வகுக்கவே இல்லை. வெறும் எண்ணிக்கை.

நோயாளிகள் விழுவதை 1000 நோயாளி நாட்களுக்கு இத்தனை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நோயாளி ஒரு நாள் வார்டில் இருந்தால் அது ஒரு நோயாளி நாள். உதாரணத்துக்கு, 40 படுக்கையும் நிறைந்திருக்கும் வார்டில் 30 நாளில் 1200 நோயாளி நாட்கள். அங்கே 6 பேர் விழுந்தால் விகிதம் 5. பத்தே படுக்கை உள்ள வார்டில் 300 நோயாளி நாட்கள். 3 பேர் விழுந்தாலே விகிதம் 10. பட்டைப் படத்திலோ இரண்டாவது வார்டு நல்ல பிள்ளை. எங்கள் கூட்டத்திலும் வகுத்துப் பார்த்ததும் வரிசை மாறிப்போனது. இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே, அதைத்தான் அந்தப் பாடம் சொல்லித் தருகிறது.

அதோடு விட்டிருக்கலாம். விடாமல் பழைய சம்பவப் படிவங்களை எடுத்து, விழுந்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்தேன். பாதிக்கு மேல் விடியற்காலை, அதுவும் கழிப்பறைக்குப் போகும் வழியில். நிறையப் பேருக்கு முந்தின நாள் மாலையில் நீர் பிரியும் மாத்திரை போயிருந்தது. டாக்டரிடம் பேசி, முடிந்தவர்களுக்கு அந்த மாத்திரையை முன்னதாகக் கொடுக்க வைத்தோம். விடிவதற்குள் ஒரு சுற்றுப் போய், எழுந்து போக வேண்டுமா என்று நாங்களே கேட்டோம். விழுவது குறைந்தது.

இந்த இடத்தில் யாராவது "ஒரு வார்டை வைத்து என்ன நிரூபித்துவிட்டீர்கள்?" என்று வருவார்கள் என்று தெரியும். எதையும் நிரூபிக்கவில்லை. ஒப்பிட வேறு குழு கிடையாது. மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் எண்ணிக்கை தானாகவே சராசரிப் பக்கம் திரும்புவதும் உண்டு. இதைச் சொல்லத் தெரிந்ததுகூட அந்த எரிச்சல் பிடித்த பாடத்தால்தான்.

இன்னொன்று, நாம் எழுதும் எண்ணே பொய்யாக இருந்தால் மேலே எத்தனை கணக்குப் போட்டும் பலனில்லை. எந்த வார்டு சார்ட்டை வேண்டுமானாலும் புரட்டுங்கள், மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 18, இல்லாவிட்டால் 20. நிமோனியாக்காரருக்கும் 20, நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட பிரிட்டனில் 2012இல் வந்த நியூஸ் (NEWS) என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு எண்ணிக்கை 20க்குப் பூஜ்யம், 21 ஆனால் 2, 25க்கு 3. ஒரு மூச்சு வித்தியாசத்தில் டாக்டரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரே பிபியை மூன்று இடத்தில் எழுதச் சொல்பவர்களைத்தான் அதைக் கேட்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறைக்கும் தரவுதான் பேசியது. அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருந்தது. ஐரோப்பாவின் 9 நாடுகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்விலும் ஏறக்குறைய அதே 7. தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "எங்களால் முடியவில்லை" என்று காலங்காலமாக நாம் அழுததற்குக் கிடைக்காத காது அந்த எண்ணுக்குக் கிடைத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை படுக்கைப் புண் ஆய்வு ஒன்றுக்கு, நோயாளி ஒவ்வொருவருக்கும், புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலின் ஆறு அம்சங்களையும் பார்த்து மதிப்பெண் போட்டது முழுக்க நாங்கள்தான். ஈரத்தன்மைக்கு நான் 2 போட்டால் அடுத்த ஷிப்டில் 3 போடுவார்கள். கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து நின்று பார்த்து ஒத்துப்போகும்வரை பழகினோம். கட்டுரை வந்தபோது ஒரு நர்ஸ் பெயர்கூட இல்லை. கடைசி வரியில் "வார்டு ஊழியர்களுக்கு நன்றி". கேட்டதற்கு, "அனாலிசிஸ் நீங்க பண்ணலையே" என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் ஆய்வுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை என்றால், உங்கள் வார்டில் யார் எப்போது விழுகிறார்கள் என்பதையே எடுக்கலாம். நெறிமுறைக் குழு அனுமதியை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள். தரவை எடுத்துவிட்டு அப்புறம் போய் நின்றால் தரமாட்டார்கள்.