கேளுங்க சொல்றேன்: லெட்டர் யாருக்குன்னு முதல்ல பாருங்க

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலில ஸ்டாஃப் நர்ஸ், ஐசியுல 6 வருஷம். யூகே போகணும்னு ஓஇடி (நர்ஸ், டாக்டர் மாதிரி ஆஸ்பத்திரி வேலைல இருக்குறவங்க எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட்) ரெண்டு தடவ எழுதிட்டேன், லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணும் 350 தாண்டிருச்சு, ரைட்டிங் மட்டும் முதல்ல 280, அப்புறம் 290. நைட் டியூட்டி முடிச்சு வந்து அந்த ரைட்டிங்ல கேக்குற மாதிரி தினமும் ஒரு லெட்டர் எழுதுறேன், ஒரு முழு நோட்டே தீந்துபோச்சு, சாம்பிள் லெட்டர் இருபது மனப்பாடம். எழுதினதுல ரெண்டு அனுப்பிருக்கேன். இன்னும் என்னதான் பண்ணணும்?

பதில்: 290ஆ! வயிறு எரியத்தான் செய்யும். அங்க நர்ஸுகளப் பதிவு பண்ற என்எம்சி ரைட்டிங்குக்கு மட்டும் 300 போதும்னு சொல்றதால உங்களுக்கு பாக்கி அந்த ஒரு படிதான். லெட்டர் ரெண்டையும் படிச்சேன், இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது லெட்டராவே இல்லையேம்மா, டியூட்டி மாத்துறப்ப குடுக்குற ஹேண்டோவர் மாதிரி, பரீட்சைல குடுக்குற கேஸ் நோட்ஸ்ல (நோயாளி பத்தின குறிப்பு) உள்ளத மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியே இறக்கி வச்சிருக்கீங்க.

முதல் லெட்டரையே எடுத்துக்குவோம். 74 வயசு பாட்டி, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறாங்க, டிரெஸ்ஸிங் மாத்த வீட்டுக்கு வர்ற நர்ஸுக்கு லெட்டர். நீங்க ஆரம்பிக்கிறது அவங்க சின்ன வயசுல டான்சில் எடுத்த கதைல! டிரெஸ்ஸிங் நாலாவது பாராவுலதான் வருது. அந்த நர்ஸ் லெட்டரைப் பிரிச்சதும் நாளைக்கு காலைல நான் போய் என்ன பண்ணணும்னுதான் தேடுவாங்க, அது முதல் பாராவுலயே இருக்கணும். பர்பஸ்னு இதுக்கே தனி மார்க் இருக்கு. மொத்தம் ஆறு விஷயம் பாத்து மார்க் போடுறாங்க, நீங்க பயப்படுற கிராமர் ஸ்பெல்லிங் எல்லாம் சேந்து அதுல ஒண்ணுதான்.

அதனால புது கேஸ் நோட்ஸ் தேடாதீங்க. இதே பாட்டிய வச்சுக்கிட்டு இன்னைக்கு அந்த நர்ஸுக்கு எழுதுங்க, நாளைக்கு பிசியோவுக்கு, மறுநாள் சோஷியல் ஒர்க்கருக்கு. நர்ஸுக்கு சுகரும் பென்சிலின் அலர்ஜியும் முக்கியம், பிசியோவுக்கு எழுதுறப்ப ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லங்கிறது மேல ஏறி வந்துரும், சோஷியல் ஒர்க்கருக்கு பாட்டி தனியா இருக்காங்கங்கிறதுதான் முதல் சேதி. டான்சில் மூணுலயும் வராது. இப்படி எழுதுனா எத வெட்டணும்னு கை தானா பழகிரும், உங்க பிரச்சனையே அதுதானே, 180ல இருந்து 200 வார்த்தைன்னு சொல்ற இடத்துல 270 எழுதிருக்கீங்க.

இன்னொண்ணு, நோட்ஸ்ல “லிவ்ஸ் அலோன், நோ லிஃப்ட்”னு இருந்தா அப்படியே தூக்கி வைக்கக் கூடாது, “ஷீ லிவ்ஸ் அலோன் இன் எ செகண்ட் ஃப்ளோர் ஃபிளாட் வித் நோ லிஃப்ட்”னு முழு வாக்கியமா வரணும். வார்டு ஷீட்ல வருஷக்கணக்கா துண்டு துண்டா எழுதிப் பழகின கை, டக்குனு மாறாது.

ரைட்டிங்குக்கு உள்ள 45 நிமிஷத்துல முதல் 5 நிமிஷம் படிக்க மட்டும்தான், எழுத விடமாட்டாங்க. வீட்லயும் பேனாவ அடுத்த ரூம்ல வச்சுட்டு வந்து உக்காந்து, யாருக்கு எழுதுறோம், அவங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் பாருங்க. மனப்பாடம் பண்ண இருபதையும் தயவுசெஞ்சு மறந்துருங்க, அதுல வர்ற “டோன்ட் ஹெசிடேட் டு காண்டாக்ட் மீ”ய எல்லாரும்தான் எழுதுறாங்க.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் (வெளிநாட்டுல படிக்கப் போறவங்க எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட்) எழுதப்போறேன் சார்... மன்னிக்கணும், மேடம். ஒரு மணி நேர ரைட்டிங்ல, டாஸ்க் 1ல கிராஃப் பாத்து எழுதவே 35 நிமிஷம் ஆகுது, டாஸ்க் 2 கட்டுரை பாதில நின்னுபோகுது. என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: சார்னாலும் பரவால்லப்பா. டாஸ்க் 2க்கு மார்க் ரெண்டு மடங்கு, நீங்க அதுல பாதி மார்க்தான் உள்ள டாஸ்க் 1க்கு பாதிக்கு மேல நேரத்தக் குடுக்குறீங்க. கிராஃப்ல உள்ள ஒவ்வொரு நம்பரையும் எழுதணும்னு யாரும் கேக்கல, எது கூடுச்சு, எது குறைஞ்சுச்சு, எங்க பெரிய வித்தியாசம், அவ்வளவுதான், 150 வார்த்தை தாண்டினா போதும். டாஸ்க் 2வ முதல்ல எழுதவும் தடை இல்ல. வீட்ல டாஸ்க் 1க்கு 20 நிமிஷம் அலாரம் வைங்க, அடிச்சதும் பாதி வாக்கியமா இருந்தாலும் விட்டுட்டு எந்திரிச்சுருங்க.