வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்: மூளையின் இரத்தக் குழாய்களை ஸ்கான் அளந்தால் நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பிறஷரும் நீரிழிவும் உண்டு. எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில் ‘சிறு இரத்தக் குழாய் மாற்றங்கள், ஃபசேக்காஸ் 2’ என்று எழுதியிருக்கிறது. குழாய்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதா இது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இல்லை. இது நடந்து முடிந்த சேதத்தின் தழும்பு. மூளையின் வெண்ணிறப் பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கண்ணால் பார்த்து 0 முதல் 3 வரை போடும் தரம் அது. ஆழ்பகுதியில் 2 என்றால் தனித்தனிப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள். குழாய் தேவைக்கேற்ப விரிகிறதா என்பது இதில் தெரியாது. பிறஷர் மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்கானின் சீடியையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க ரிப்போட் மட்டும் போதாது, படமும் வேண்டும்.

கேள்வி: கனடாவிலுள்ள மகன் ஓர் ஆய்வில் சேர்ந்து, ஸ்கானுக்குள் மூச்சை அடக்கச் சொல்லி மூளைக் குழாய்களின் ‘விரியும் திறனை’ அளந்தார்களாம். முதல் தடவை 0.24, மூன்று மாதம் கழித்து 0.18. குழாய் கெட்டுப் போகிறதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

மூச்சை அடக்கினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறும், மூளைக் குழாய்கள் விரியும், இரத்தம் கூடுதலாகப் பாயும். ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் கழுவப்பட்டுக் குறைவதால் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை சற்று உயரும். காபனீரொட்சைட்டின் அழுத்தம் 1 மி.மீ. இரசம் (பிறஷர் அளக்கும் அதே அலகு) ஏறும்போது சமிக்ஞை எத்தனை சதவீதம் உயர்கிறது என்பதே அந்த 0.24. 3 டெஸ்லா (காந்த வலுவின் அலகு) இயந்திரத்தில் நரைநிறப் பகுதிக்கு 0.2 – 0.3 அளவில் வருவது வழக்கம். இரத்த ஓட்டம் நேராக அளக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிழை பெரும்பாலும் மூச்சிலிருந்தே வருகிறது. சரியான முறை: தாளத்துக்கு ஏற்ப மூச்சு விட்டு, வெளிமூச்சின் முடிவில் சுமார் 15 செக்கன் அடக்கி, முடிந்தவுடன் முதலில் மிச்சக் காற்றை *வெளியே* விட்டு, பிறகே உள்ளிழுக்க வேண்டும். அந்தக் கடைசி வெளிமூச்சில்தான் காபனீரொட்சைட்டு எவ்வளவு ஏறியது என்பது பதிவாகும். தவிப்பில் பலர் சட்டென்று உள்ளிழுத்துவிடுவார்கள், அந்தச் சுற்றின் அளவு போச்சு. உள்மூச்சில் அடக்கினால் நெஞ்சு அழுத்தம் மாறி, சமிக்ஞை முதலில் கீழே இறங்கக்கூடும். 15 செக்கன் சொல்லியும் 10 செக்கனில் விட்டுவிட்டால், காபனீரொட்சைட்டை அளக்காமல் ‘ஒரு மூச்சடக்கலுக்கு’ என்று கணக்கிடும் இடங்களில் நல்ல குழாயும் மந்தமாகத் தெரியும். தலை அசைவு வேறு.

அடுத்தது தாமதம். மூக்கில் பொருத்திய சிறு குழாயிலிருந்து மூச்சுக் காற்று அளவுகருவியை அடையச் சில செக்கன், நுரையீரலிலிருந்து இரத்தம் மூளைக்கு வர மேலும் சில செக்கன். காபனீரொட்சைட்டுப் பதிவையும் ஸ்கான் சமிக்ஞையையும் நகர்த்திப் பொருத்தாவிட்டால் எண் குறைந்துதான் வரும். வெண்ணிறப் பகுதி இன்னும் மெதுவாகவே எழும்பும். கழுத்துத் தமனி அடைபட்டவரில், பிந்தி எழும்பும் பகுதி செயலிழந்த பகுதிபோலத் தோற்றம் காட்டும். 5 சதவீதக் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை முகமூடியால் ஒன்றிரண்டு நிமிடம் கொடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் அப்போது வரும் மூச்சுத் திணறல் எல்லோருக்கும் ஒத்துவராது.

பிளேன்ரீயையும் விட்டுவிட முடியாது. கஃபீன் மூளை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஒரு நாள் குடித்து, மறுமுறை குடிக்காமல் போனால் ஒப்பிடுவதில் பயனில்லை. இரத்தச்சோகையும் சமிக்ஞையை மாற்றும்.

இனிக் கணக்கு. ஒரே ஆளை மாற்றமேதும் இல்லாத நிலையில் திரும்பத் திரும்ப அளந்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் நியம விலகலைப் பார்ப்பார்கள். அதை 2.77 ஆல் பெருக்க வரும் எண்ணுக்குள் இருக்கும் வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். உதாரணமாக விலகல் 0.03 என்றால் எல்லை 0.08. மகனுடைய வித்தியாசம் 0.06, எல்லைக்குள்தான். உண்மையான விலகலை ஆய்வுக் குழுவிடமே கேட்கச் சொல்லுங்கள். ‘எங்கள் ஐ.சி.சி. (அளவீட்டின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஒரு குணகம்) 0.8’ என்று மறுமொழி வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஆட்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய அந்த அளவு உதவும். ஒருவரிடம் மூன்று மாதத்தில் வந்த சிறு மாற்றத்தை அது உறுதிப்படுத்தாது.

நரைநிறப் பகுதி முழுவதற்குமான சராசரி ஓரளவு நம்பகமானது. நிறப் படத்தில் விரியும் திறன் குறைவு என்று தெரியும் ஒரு நீலப் புள்ளியைக் காட்டி ‘இந்த இடம் பழுது’ என்றால் நாம் ஏற்கமாட்டோம்.

கேள்வி: காதுக்கு முன்னால் வைத்துப் பார்க்கும் டொப்ளர் மலிவாச்சே, அது போதாதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அது ஒலியலையால் இரத்தத்தின் வேகத்தை அளக்கிறது, பாயும் அளவை அல்ல. தமனியே சற்று விரிந்தால் ஓட்டம் கூடியது முழுதாகத் தெரியாது. வயதானவர்களில், குறிப்பாகப் பெண்களில், பொட்டு எலும்பு தடித்திருந்தால் ஒலியே உள்ளே போகாது. ஆனாலும் கழுத்துத் தமனி ஒரு பக்கம் ஒடுங்கியவருக்கு, 30 செக்கன் மூச்சடக்கி இடம் வலம் இரண்டையும் ஒப்பிட அது நல்ல கருவி.