பென்டிரைவில் கேம் இருக்கிறது, சேவ் எங்கே போனது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகன் ஓப்பன்டிடிடி என்ற ரயில், பஸ் ஓட்டும் போக்குவரத்து கேமைப் பென்டிரைவில் வைத்திருக்கிறான். கம்மனஹள்ளியில் பாட்டி வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஓடுகிறது. ஆனால், வீட்டில் அவன் போட்ட ரயில் பாதை எதுவும் அங்கே வரவில்லை. பாவம், ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குகிறான்.

பதில்: அவன் போட்ட பாதைகள் அழியவில்லை, கவலை வேண்டாம். அல்சூர் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. விண்டோஸில் இந்த கேம் தன் சேவ்களை, அதாவது ஆடியதைச் சேமிக்கும் ஃபைல்களை, வழக்கமாக டாக்குமென்ட்ஸில் உள்ள ஓப்பன்டிடிடி ஃபோல்டரில் எழுதும். கேம் மட்டும் பென்டிரைவில் பயணம் செய்கிறது, சேவ் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இதை மாற்றுவது எளிது. பென்டிரைவில் கேமைத் திறக்கும் இஎக்ஸ்இ (.exe) ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில், ஓப்பன்டிடிடி.சிஎஃப்ஜி (openttd.cfg) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்டு ஒரு வெற்று ஃபைல் உருவாக்குங்கள். கேம் இந்த ஃபைலை முதலில் அங்கேதான் தேடும். கிடைத்தால் எல்லாவற்றையும் அங்கேயே எழுதும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நோட்பேடில் சேவ் செய்தால் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி (.txt) ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லிவிட்டு, வாலை வெட்டுங்கள். அப்புறம் கேமை ஒருமுறை திறந்து மூடுங்கள். 0 கேபியாக இருந்த ஃபைல் நிரம்பி, பக்கத்திலேயே 'சேவ்' ஃபோல்டரும் வந்திருந்தால் சரியாகிவிட்டது.

இனி டாக்குமென்ட்ஸில் உள்ள பழைய சேவ்களை இந்த 'சேவ்' ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். 'கன்டென்ட் டவுன்லோட்' (content_download) என்ற ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துவந்து, 'சேவ்' ஃபோல்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். அவன் இறக்கிய ரயில் வண்டிகளும் படங்களும் அதில்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வேண்டாம். பென்டிரைவுக்கு விண்டோஸ் தரும் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் ஈ, இன்னொன்றில் எஃப் என்று மாறும். ஃபோல்டருக்குள் போய் நேராகத் திறப்பதே நல்லது.

எல்லா கேமும் இப்படி வராது. ஸ்டீம் போன்ற, கேம் விற்கும் மென்பொருளோடு கட்டிப்போட்டவை அது இல்லாத கம்ப்யூட்டரில் பெரும்பாலும் திறக்காது. ஓப்பன்டிடிடி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கேம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்றை மட்டும் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்: கேமை மூடி, எஜெக்ட் கொடுத்த பிறகே பென்டிரைவைப் பிடுங்க வேண்டும். ஆட்டோசேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் அந்த சேவ் கெட்டுவிடலாம். மாதம் ஒருமுறை சேவ் ஃபோல்டரை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் காப்பி எடுத்து வையுங்கள்.