காசிப் படிகளும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்துப் படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார். காசி, பிரயாகை, கயை மூன்றுக்கும் அழைத்துப் போக ஆசை. ஐந்து நாள்தான் விடுப்பு. எப்போது, எப்படிப் போகலாம்?

பதில்: அம்மாவின் முழங்காலை வைத்துத் திட்டம் போடுங்கள். ஊர்களின் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

நவம்பர் கடைசியோ, பிப்ரவரிப் பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையோ நல்லது. சிவராத்திரியும் கார்த்திகைப் பௌர்ணமியும் வரும் நாட்களை மட்டும் தவிருங்கள், நெரிசல் தாங்காது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். மழைக்காலத்தில் கங்கை படிகளை மூழ்கடித்து ஓடும்; படகையே நிறுத்திவிடுவார்கள்.

நம்மவர்கள் காசியில் வழக்கமாகத் தங்குவது அனுமன் காட், கேதார் காட் பக்கம். காட் என்றால் படித்துறை. குமரகுருபரர் நிறுவிய மடமே கேதார் காட்டில்தான் இருக்கிறது. தமிழ் பேசும் சாஸ்திரிகள், நம் சாப்பாடு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே பல இடங்களுக்குக் குறுகிய சந்து வழியாக நடக்க வேண்டும், கேதார் காட் படிகளும் செங்குத்து. அறை பதியும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி வாசல் வரை வருமா, கீழ்த்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு அதுதான் முக்கியம்.

காசியில் 84 படித்துறைகள். அத்தனையையும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை, படகில் பார்க்கலாம். விடியற்காலையில் அசி காட்டில் படகு ஏறுங்கள். அங்கே வண்டி ஓரளவு பக்கம் வரை போகும். கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து இருக்கின்றன. எதிர்க்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் சூரியன் எழும்போது அத்தனை படிகளும் ஒரே சமயத்தில் மஞ்சளாகும். அரிச்சந்திரா, கேதார், தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். மணிகர்ணிகையில் சிதை எரியும். அங்கே போட்டோ எடுக்காதீர்கள், அது இன்னொருவர் வீட்டுத் துக்கம். படகுக்காரரிடம் எந்தக் காட் வரை, எவ்வளவு நேரம், ஆளுக்கா படகுக்கா என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விசுவநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டு போக முடியாது. அறையிலேயே வைத்துவிடுங்கள். கட்டண தரிசனச் சீட்டைக் கோயிலின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள், வழியில் மடக்கும் தரகர்களிடம் வேண்டாம்.

காசியிலிருந்து பிரயாகை சுமார் 120 கிலோமீட்டர். காரில் அதிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பலாம். சங்கமத்துக்குப் படகில் போக வேண்டும். கலங்கலான கங்கையும் பச்சை நிற யமுனையும் சேரும் இடம் கண்ணுக்கே தெரியும். அங்கே தம்பதிகள் வேணி தானம் செய்வது நம் வழக்கம். கணவர் மனைவியின் தலையை வாரிப் பின்னிவிடுவார். பின்னல் நுனியைக் கொஞ்சம் நறுக்கி ஆற்றில் விடுவார்கள். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒருநாளும் சீப்பைத் தொடாத கைகள், மூன்று கால் எடுத்துப் பின்னத் தெரியாமல் நடுங்கும். அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! உங்கள் பெற்றோருக்கு இதை எப்படியாவது செய்து வையுங்கள். வீட்டுக்குக் கங்கை நீரையும் அங்கேயே எடுங்கள். காசியில் எடுக்கக்கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு.

காசியிலிருந்து கயை சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வருவது அம்மாவுக்குத் தண்டனை. அப்பா பித்ரு காரியம் செய்ய விரும்பினால் கயையில் ஒரு இரவு தங்குங்கள், விடுப்பையும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த முறை கயையை விட்டுவிட்டு, அந்த நாளைக் காசியில் அம்மா ஓய்வெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.